பழைய ஃபியட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? விலையைக் கழித்துக் கண்டுபிடிக்கும் முறை

பழைய கார் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "பத்மினி இப்ப என்ன ரேட் போகுது?" என்பதைத்தான். புது கார் என்றால் ஷோரூமில் விலைப் பட்டியல் இருக்கும். பத்து வருடம் ஓடிய ஸ்விஃப்டுக்குக் கூட ஆண்டு, மாடல், கிலோமீட்டர் சொன்னால் ஏறக்குறைய ஒரு தொகை வந்துவிடும். நாற்பது ஐம்பது வருடம் ஆன வண்டிக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு பத்மினிகளில் ஒன்றுக்கு மூன்று லட்சம் கொடுத்தாலும் தகும். இன்னொன்றை இனாமாகத் தந்தாலும் வாங்கக் கூடாது.

முதல் முறையாக வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது பிரீமியர் பத்மினியும் அதற்கு முந்தைய ஃபியட் 1100-ம். தமிழ்நாட்டில் இன்னும் விற்பனைக்கு வருகிற வண்டி, தேடினால் சாமான் அகப்படுகிற வண்டி, அதன் வேலை தெரிந்த மெக்கானிக்குகள் மிச்சம் இருக்கிற வண்டி என்பதால் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அம்பாசிடரோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ தேடுபவர்களுக்கும் கணக்கு இதேதான். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

கணக்கு இதுதான். விற்பவர் சொல்லும் தொகையிலிருந்து பேரம் பேசிக் கீழே இறங்க வேண்டாம். அதே மாடலில் நல்ல நிலையில் உள்ள வண்டி உண்மையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் முன்னால் நிற்கும் வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர என்ன செலவாகும் என்று கூட்டுங்கள். முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் நியாயமான விலை. கீழே வரும் எல்லாமே இந்த இரண்டு எண்களையும் சரியாகப் பிடிப்பதற்கான வழிகள்தான்.

முதலில்: எந்த வண்டி என்று தெளிவாகுங்கள்

எல்லோரும் பொதுவாக "ஃபியட்" என்பார்கள். அந்தப் பெயருக்குள் பல மாடல்கள் இருக்கின்றன. பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1950-களிலேயே ஃபியட் 1100 வண்டிகளை விற்கத் தொடங்கிவிட்டது. முன்கதவின் கீல் பின்பக்கம் இருந்து, கதவு எதிர்த்திசையில் திறக்கும் வண்டிகள் அந்தக் காலத்தவை. 1964-இல் 1100டி வந்தது. இன்று நாம் பத்மினி என்று அடையாளம் காணும் உருவம் அதுதான். 1972 வாக்கில் அதற்கு பிரீமியர் பிரசிடென்ட் என்று பெயர் மாறியது, 1974 முதல் பிரீமியர் பத்மினி ஆனது. 1089 சிசி பெட்ரோல் என்ஜினும், ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் லிவரும் நெடுநாள் அப்படியே தொடர்ந்தன. கியரைத் தரைக்குக் கொண்டுவந்த எஸ்1, டீசல் என்ஜின் வைத்த 137டி எல்லாம் கடைசிக் காலத்து வண்டிகள். 2000-ஐ ஒட்டி உற்பத்தியே நின்றுவிட்டது.

இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? எதிர்த்திசைக் கதவு வண்டிக்குத் தேடுபவர்கள் அதிகம், வண்டிகள் குறைவு. 1100டி-க்கும் பிரசிடென்டுக்கும் நல்ல மதிப்பு. 1980-களின் பத்மினி எளிதில் கிடைக்கும், எனவே விலையும் கீழே. 1985 பத்மினியின் முன்பக்கக் கிரில்லையும் ஃபியட் சின்னத்தையும் மாற்றிவிட்டு "64 மாடல்" என்று விளம்பரம் போடுவது ஒன்றும் கடினமான வேலை இல்லை. ஆர்சி புத்தகத்தில் உள்ள உற்பத்தி ஆண்டை மட்டுமே நம்புங்கள்.

அம்பாசிடரிலும் இதே கதைதான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை அந்த வண்டி தயாரானது. வெளித்தோற்றம் பெரிதாக மாறாததால், 1975-ஓடு முடிந்த மார்க் 2-வின் கிரில்லைப் பிற்கால வண்டியில் மாட்டி விற்பவர்கள் உண்டு. ஹெரால்டு நம்ம ஊர் வண்டி, வண்டலூரில் செய்தது. 1961-இல் தொடங்கியது. அதன் பின்னாள் நான்கு கதவு மாடல் இந்தியாவில் மட்டுமே வந்தது. இதன் மூல வண்டியான டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் சாமான் கிடைக்கிறது, ஆனால் அங்கே ஓடிய வண்டிகளில் நான்கு கதவு கிடையாது. ஆகவே என்ஜின், பிரேக் சாமான்களை அங்கிருந்து வரவழைக்கலாம், பின்கதவு நசுங்கியிருந்தால் இங்கேதான் தேடியாக வேண்டும். ஹெரால்டு பார்க்கப் போகும்போது கதவுகளையும் கண்ணாடிகளையும் முதலில் பாருங்கள்.

கைமாறிய விலையைப் பிடிப்பது

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. அது விற்பவரின் ஆசை. உங்களுக்கு வேண்டியது பணம் கைமாறிய விலை. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும், வண்டிக்கு வண்டி அது மாறவும் செய்யும்.

விளம்பரங்களைத் தொடர்ந்து கவனியுங்கள். வண்டியின் படம், ஆண்டு, ஊர், கேட்ட விலை, நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் அதே விலையில் கிடக்கும் விளம்பரம், அந்த விலைக்கு ஆள் இல்லை என்று சொல்கிறது. சில வாரத்தில் காணாமல் போன விளம்பரத்துக்குப் போன் போட்டு, "அண்ணே, வண்டி போயிடுச்சா? அதே மாதிரி ஒண்ணு நான் பார்த்துக்கிட்டு இருக்கேன், என்ன விலைக்கு முடிஞ்சதுன்னு சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். விற்று முடித்த பிறகு மறைக்க ஒன்றும் இல்லாததால் பலர் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது ஆட்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் கண்காட்சியும் ஊர்வலமும் நடத்துகின்றன. அங்கே போய் வண்டியைப் பார்ப்பதோடு நிற்காமல் உரிமையாளர்களிடம் பேசுங்கள். இந்த ஆர்வம் உள்ளவர்கள் புதிதாக வருபவர்களை விரட்டுவதில்லை, பக்கத்தில் நிற்கவைத்து பானெட்டைத் திறந்து காட்டுவார்கள். கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்கள் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஒழுங்காகப் பராமரித்த பழைய வண்டியின் கதவு இடைவெளியும் குரோம் பட்டையும் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகினால்தான் மற்ற வண்டிகளில் உள்ள குறை தெரியும்.

கிடைத்த விலைகளை வண்டியின் நிலையை வைத்து மூன்றாகப் பிரியுங்கள். கண்காட்சியில் நிறுத்தும் தரம், குடும்பத்தோடு பக்கத்து ஊர் போய்வரக்கூடிய நல்ல வண்டி, வேலை பாக்கி உள்ள வண்டி. நமக்கு அளவுகோல் நடுவில் இருப்பது. கண்காட்சி வண்டியின் விலையைக் காட்டி வேலை பாக்கி உள்ள வண்டியை விற்கப் பார்ப்பதுதான் சந்தையில் அன்றாடம் நடப்பது.

நடிகர் வைத்திருந்த வண்டி, ஜமீன் வீட்டு வண்டி என்று கூடுதல் விலை கேட்டால், அந்தப் பெயர் ஆர்சியில் முன்னாள் உரிமையாளராகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கதைக்கு ஒரு ரூபாயும் சேர்க்க வேண்டாம்.

தகரத்தைப் பாருங்கள், அப்புறம் என்ஜின்

புதியவர்கள் என்ஜின் சத்தத்தில் மயங்கிவிடுகிறார்கள். "ஒரே செல்ஃபுல பிடிச்சிடுச்சு" என்பது அவர்களுக்குப் பெரிய சான்றிதழ். பத்மினி என்ஜினைப் பிரித்து, லேத்தில் கொடுத்து போர் அடித்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து, புது பிஸ்டன் ரிங் போட்டு மாட்ட நல்ல மெக்கானிக் இருந்தால் போதும், செலவையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். துருப்பிடித்த பாடியின் செலவை யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. டிங்கர் ஒரு இடத்தை வெட்டினால் பக்கத்தில் இன்னொரு இடம் கையோடு பிய்ந்து வரும். கணக்கில் ஓட்டை விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே எலும்புக்கூடு. அம்பாசிடரும் அப்படித்தான். எனவே அடித்தகடு துருப்பிடிப்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, வண்டியின் பலம் சம்பந்தப்பட்டது. ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு, பாடியைத் துண்டு துண்டாகக் கழற்றலாம். ஆனால் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடிக்கும், கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பகல் வெளிச்சத்தில் போங்கள். மழையில் நனைந்த வண்டியையோ, அப்போதுதான் கழுவி ஈரம் காயாத வண்டியையோ பார்க்காதீர்கள், ஈரம் எல்லாப் பெயிண்டையும் பளபளக்கவைக்கும். கையில் ஒரு டார்ச், ஒரு சிறிய காந்தம், மெல்லிய துணி. காந்தத்தைத் துணியில் சுற்றினால் பெயிண்டில் கீறல் விழாது. கதவின் கீழ் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். தகரம் முழுசாக இருந்தால் காந்தம் வெடுக்கென்று ஒட்டும். அப்படியே மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் பிடி தளரும், இன்னும் இரண்டு விரற்கடை தள்ளினால் துணியோடு நழுவிக் கீழே விழும். அங்கே பெயிண்டுக்கு அடியில் இருப்பது பட்டி, தகரம் போன இடத்தை நிரப்பப் பூசும் பசை. அந்த இடத்தை விரல் முட்டியால் தட்டுங்கள், மற்ற இடத்தில் கேட்ட கணீர் ஓசை வராது, மொத்தென்று கேட்கும். இதே முறையில் கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதி, ஹெட்லைட்டைச் சுற்றிய இடம், மட்கார்டின் பின் விளிம்பு, பின் கண்ணாடி ரப்பருக்குக் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு நாலணா அளவு பட்டி எந்தப் பழைய வண்டியிலும் இருக்கும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். உள்ளங்கை அளவில் பல இடங்களில் இருந்தால் அங்கெல்லாம் தகரம் வெட்டி ஒட்டும் வேலை இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே கால் மிதிக்கும் இடத்தில் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடத்தைக் காலி செய்யச் சொல்லிப் பாருங்கள். பின்பக்கப் பட்டை வில், அதுதான் லீஃப் ஸ்பிரிங், பாடியோடு சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே துரு ஏறியிருந்தால் நான் அந்த வண்டியை விட்டுவிடச் சொல்வேன். அடியில் புத்தம் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தாலும் எச்சரிக்கை தேவை. பூசியதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர் கட்டாயம் படம் எடுத்து வைத்திருப்பார்.

கதவு இடைவெளி நாலு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒட்டியும் இருந்தால் அடித்தகடு தொய்ந்திருக்கலாம், அல்லது வண்டி எப்போதோ அடிபட்டிருக்கலாம்.

என்ஜினுக்கு வருவோம். நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லலாம். குளிர்ந்த என்ஜின் எப்படிப் பிடிக்கிறது, நீலப் புகை வருகிறதா, சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா, அதாவது புகையும் காற்றும் அந்த வழியே வெளியே தள்ளுகிறதா, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா, இவ்வளவும் நீங்களே பார்க்கலாம். கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. நான்கு சிலிண்டரிலும் அளவு ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. எத்தனையாவது ஓவர்சைஸ் பிஸ்டன் ஓடுகிறது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை போர் அடிக்க இடம் இருக்கிறதா என்பது அதில் தெரியும். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினால் கிங் பின், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சாணி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயரின் மேல் பட்டன் எவ்வளவு தேயாமல் மிச்சம் இருந்தாலும் அத்தனை பழைய டயரை மாற்றித்தான் ஆக வேண்டும், அதுவும் செலவுப் பட்டியலில் ஏறும்.

கடைசியாகச் சின்னச் சாமான்கள். பத்மினிக்குப் பிஸ்டன் தேடுவதை விடக் கதவோர அலுமினியப் பட்டை, டெயில் லைட் கண்ணாடி, ஹார்ன் ரிங், வீல் கப், மீட்டர் கண்ணாடி இவற்றைத் தேடுவது கஷ்டம். சென்னை புதுப்பேட்டையில் அலைந்தால் சில அகப்படும். அம்பாசிடர்காரர்கள் டெல்லி காஷ்மீரி கேட் சாமான் சந்தை வரைக்கும் சொல்லி வைப்பார்கள். ஒரு முழு ஜோடி கிடைக்காமல் பல மாதம் காத்திருப்பவர்கள் உண்டு. வண்டியில் இல்லாத சாமான் ஒவ்வொன்றையும் பட்டியலில் எழுதுங்கள். இவையெல்லாம் முழுசாக இருந்து, என்ஜின் மட்டும் ஓடாமல் நிற்கும் வண்டி பல நேரம் நல்ல வாங்கல்.

காகிதம்: இங்கே கழிப்பதற்கு எல்லை உண்டு

பாடி வேலைக்குப் பணம் இருந்தால் போதும். காகிதச் சிக்கல் சிலவற்றைப் பணத்தாலும் தீர்க்க முடியாது. அதனால் வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன்பே ஆர்சியின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1989-க்கு முன் பதிவான வண்டிகளுக்கு டிஎன் எண் கிடையாது, எம் (M) அல்லது டி (T) என்ற எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்து எண். அவற்றில் பல இன்னும் கணினியில் ஏறவே இல்லை. கையால் எழுதிய பழைய ஆர்சி புத்தகம் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கணினியில் ஏற்றிய பிறகுதான் பெயர் மாற்றமோ புதுப்பித்தலோ நடக்கும். அந்த வேலையை விற்பவர் முடித்துத் தரட்டும். "அது சின்ன வேலை தம்பி, நீங்களே பார்த்துக்கலாம்" என்றால், சின்ன வேலையை அவரே முடித்துவிட்டு முழு விலை வாங்கிக்கொள்ளலாம் என்று அன்போடு சொல்லுங்கள்.

தனியார் கார் ஆர்சி முதலில் 15 ஆண்டுக்குச் செல்லும், பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பேச்சில் இதைத்தான் எஃப்சி என்கிறார்கள். 2025 ஆகஸ்டில் திருத்திய மத்திய விதிப்படி 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. எஃப்சி விட்டுப்போன வண்டியென்றால் தாமதக் கட்டணமும் சேரும். இவை எல்லாம் கழிக்க வேண்டிய தொகைகள்.

ஆர்சியில் இருக்கும் பெயரும் எதிரில் விற்பவரும் ஒருவர்தானா? பழைய வண்டிகளில் அடிக்கடி வருவது, உரிமையாளர் இறந்துபோய் மகனோ மருமகனோ விற்பது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு படிவம் 31 வழியாக முதலில் ஒரு வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகே உங்கள் பெயருக்கு. இரண்டாவது வகை, நாலு பேர் கை மாறியும் யாரும் பெயர் மாற்றாமல், முதல் உரிமையாளர் எப்போதோ கையெழுத்துப் போட்ட 29, 30 என்ற பெயர் மாற்றப் படிவங்களோடு சுற்றும் வண்டி. அந்த முதல் உரிமையாளர் இன்று எங்கே என்று தெரியாவிட்டால் எந்த விலையிலும் வேண்டாம். மூன்றாவது, ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் நீக்கப்படாமல் இருப்பது. கடன் எப்போதோ அடைந்திருக்கும், கம்பெனியே மூடியிருக்கும், ஆனால் தடையில்லாச் சான்று (என்ஓசி) வேண்டும்.

இப்போது எண்கள். சேஸிஸ் நம்பர் எங்கே பொறித்திருக்கும் என்று அந்த மாடல் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டு, அந்த இடத்தைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுத்துத் தேயுங்கள். எண்கள் தாளில் வெள்ளையாக எழும். தொழிற்சாலையில் அடித்த எண்கள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கும். ஒரு எண் மட்டும் சரிந்தோ, ஆழம் கூடியோ, சுற்றிலும் ராவிய கோடுகளோடோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். என்ஜின் நம்பரையும் ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பெட்ரோல் வண்டிக்கு டீசல் என்ஜின் மாற்றுவது ஒரு காலத்தில் சகஜமாக நடந்தது. அது ஆர்சியில் பதிவாகியிருந்தால் சட்டப்படி சரி, ஆனால் ஒரிஜினல் வண்டியின் விலை அதற்குக் கிடையாது. பதிவாகவில்லை என்றால் பெயர் மாற்றமே சிக்கல்.

வெளிமாநில வண்டி விலை மலிவாகத் தெரியும். அந்த மாநிலத்தின் என்ஓசி, இங்கே மறுபதிவு, இங்கே கட்டும் வரி, லாரி வாடகை எல்லாம் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

"வின்டேஜ் நம்பர் எடுக்கலாம் சார்" என்று கூடுதல் விலை கேட்பவர்கள் இப்போது அதிகம். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத, வாடகைக்கு ஓடாத வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, எரிபொருள் போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மகாபலிபுரம் போக ஆசைப்படுபவருக்கு, 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் சாதாரண ஆர்சியே மேல். அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

கணக்குப் போடுவோம்

கீழே உள்ள தொகைகள் முறையைக் காட்ட நான் எடுத்துக்கொண்டவை. கூலியும் சாமான் விலையும் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் டிங்கரிடமும் மெக்கானிக்கிடமும் கேட்டு உங்கள் எண்களைப் போடுங்கள்.

ஒரு 1978 பத்மினி. விற்பவர் கேட்பது 2,25,000. நீங்கள் விசாரித்ததில் இதே காலத்து நல்ல வண்டிகள் 3,40,000-ஐ ஒட்டி முடிந்திருக்கின்றன. இந்த வண்டியில் இரண்டு பக்கத் தரைத் தகடும் மாற்றி, பட்டியைச் சுரண்டி, முழுப் பெயிண்ட் அடிக்க 95,000. சீட்டும் கூரைத் துணியும் 25,000. ஒயரிங் 12,000. பிரேக், கிங் பின் 18,000. ஐந்து டயர் 20,000. குரோம், ரப்பர், விட்டுப்போன சாமான்கள் 20,000. கூட்டினால் 1,90,000.

இதோடு கால் பங்கு சேருங்கள், 47,500. வெட்டிப் பார்த்த பிறகு தெரியவரும் துருவுக்கும், கழற்றும்போது உடையும் சாமானுக்கும் அது போகும். இதைச் சேர்க்காமல் கணக்குப் போட்ட வண்டிகள்தான் பட்டறை மூலையில் பாதியில் நிற்கின்றன. ஆர்சி புதுப்பிப்பு, பெயர் மாற்றச் செலவுகள் 15,000. மொத்தம் 2,52,500.

3,40,000-இலிருந்து 2,52,500 போனால் 87,500. இதுதான் அந்த வண்டியின் நியாய விலை. கேட்டது 2,25,000.

முதலில் பார்க்கும்போது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் 2,25,000 கொடுத்து வாங்கி வேலையும் செய்தால் கையிலிருந்து போவது 4,77,500. அதே பணத்துக்கு, வேலை பாக்கியே இல்லாத வண்டியை வாங்கிவிட்டுப் பல வருடப் பெட்ரோலும் போடலாம். வேலை பாக்கி உள்ள வண்டி மலிவு என்ற நம்பிக்கை பெரும்பாலும் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. முதல் வண்டி வாங்குபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது, கையில் உள்ள பணத்துக்குக் கிடைக்கும் நல்ல நிலை வண்டியையே எடுங்கள் என்பதுதான்.

விற்பவர் 87,500-க்கு வரமாட்டார். அவர் 1,40,000 வரை இறங்கினார், வண்டி உங்கள் தாத்தா வைத்திருந்த அதே நிறம், மனசு விடவில்லை என்றால் வாங்குங்கள். 52,500 ரூபாய் ஆசைக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதில் தவறே இல்லை. பழைய வண்டியை யாரும் லாபத்துக்காக வாங்குவதில்லை. அந்தத் தொகை எவ்வளவு என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்து எழுதிவிடுங்கள். வண்டி முன்னால் நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது.

பேசுவதும் பணம் கொடுப்பதும்

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்பதற்கு எந்த விற்பவரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். "அண்ணே, தரை ரெண்டு பக்கமும் வெட்டி ஒட்டணும், டிங்கர் தொண்ணூத்தஞ்சு சொல்றார்" என்பதற்குப் பதில் சொல்ல அவரும் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். வண்டியை மட்டம் தட்டிப் பேசாதீர்கள். அப்பா வாங்கிய வண்டியை விற்பவருக்கு அது வெறும் தகரம் இல்லை. நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார் என்று தோன்றும் ஆளுக்கு விலையை இறக்கிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி காட்டவும் செய்யுங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் சிறிய தொகையாக, வங்கி வழியாகவே போகட்டும். ஒரு தாளில் வண்டி எண், சேஸிஸ் எண், என்ஜின் எண், முடிவான விலை, பெயர் மாற்றத்தை யார் எப்போது முடிப்பது, முடியாவிட்டால் அட்வான்ஸ் திரும்புவது எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மீதிப் பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடியும் வரை நிறுத்தி வைக்கவும் பேசிக்கொள்ளலாம். வண்டியோடு டிக்கியில் கிடக்கும் பழைய சாமான்கள், இரண்டாவது சாவி, பழைய பில்கள் எல்லாம் சேர்ந்து வருமா என்று கேட்டு அதையும் தாளில் எழுதுங்கள். நெடுநாள் நின்ற வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், பிரேக் ரப்பர் இறுகிப்போயிருக்கும். லாரியில் ஏற்றுங்கள், அந்த வாடகையும் கணக்கில் சேரட்டும்.

வந்து சேர்ந்ததும் இன்ஷூரன்ஸ். ஐந்து ஆண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேசாமல் விட்டால் பெயருக்கு ஒரு சிறிய தொகையைப் போட்டு பாலிசி வந்துவிடும், அல்லது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் கிடைக்கும். வாங்கும்போது விசாரித்த கைமாறிய விலைகள், வண்டியின் படங்கள், செய்த வேலைக்கான பில்கள் எல்லாம் ஒரு கோப்பில் இருந்தால், சரியான மதிப்பைக் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கும். அந்தக் கோப்பை முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.